கதவைச் சாத்த வேண்டாம்

பதுளை
1938 ஆகஸ்ட் 7

அன்புத் தங்கச்சி ஹபீலாவுக்கு ராத்தா ஜவாஹிறா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் ஸாலிஹ் மச்சானும் சுகம். நீயும் மாப்பிள்ளை மஹ்ரூபும் ருக்கியா மாமியும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன்.

கல்யாணம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது. வெள்ளவத்தையில் கடல் சத்தம் கேட்டே தூங்கின உனக்கு, கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக் கப்பல் ஊதுகிற சத்தம் ஒத்துவருகிறதோ என்னவோ. உம்மா மௌத்தாகி ஒரு வருஷத்துக்குள் உன்னை நல்ல இடத்தில் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் தந்த கற்கண்டு டப்பியின் அடியில் வெள்ளைக் குளிசை இருக்கிறது. காலை ஒன்று, பகல் ஒன்று, இரவு ஒன்று. ஒருநாளும் விடாதே. முடிய முடிய மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துத் தருவார், நான் பார்சலில் அனுப்புவேன். யாராவது கண்டால் தலைக்குத்துக்கு என்று சொல்லு. வலிப்பு என்ற சொல் அந்த வீட்டில் உன் வாயிலிருந்து வரக்கூடாது. கல்யாணம் பேசும்போது மறைத்தது நான். பாவம் இருந்தால் என் தலையில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு சொல்கிறேன், காரணம் கேட்காதே. தனியே படுக்காதே. குப்புறப் படுக்காதே.

உன் சுகத்துக்கு உடனே எழுது.

ராத்தா ஜவாஹிறா

*

கொட்டாஞ்சேனை
1938 ஆகஸ்ட் 19

என்ட ராத்தாவுக்கு ஹபீலாட ஸலாம். இங்க எல்லாரும் சுகம். உங்களுக்கு இப்ப வாந்தி நிண்டிட்டா? மலைநாட்டுக் குளிரில வயித்துப் பிள்ளையோட கவனமா இருங்க.

உங்க கடிதத்தை மூணு தரம் வாசிச்சேன். ஸலாத்தைத் தவிர மிச்சமெல்லாம் உத்தரவு. சரி ராணி அம்மா, அப்படியே நடக்கிறேன்.

ருக்கியா மாமியைப் பத்திச் சொல்லணும். அவ அடுப்படியில ஒரு சொல் சொன்னா, முன்வாசல்ல நிக்கிற மீன்காரன் பதில் சொல்வான். அவ்வளவு குரல். எல்லாத்துக்கும் ஏசுவா. வெங்காயம் பெருசா வெட்டினா ஏச்சு, சின்னதா வெட்டினாலும் ஏச்சு. ஆனா என்ட சோத்துக் கோப்பையில எப்பவும் மீன் நடுத்துண்டு வந்து விழுது, யார் போடுறது எண்டு தெரியாத மாதிரி. மாமிக்கு அறபு எழுத்தில எழுதுற அறபுத்தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். நம்ம கடிதத்தை மேசையில விரிச்சு வெச்சாலும் அவவுக்கு அது வெறும் கீறல். பயப்படாம எழுதுங்க.

இவர் புறக்கோட்டை இரும்புக் கடையிலிருந்து களைச்சு வந்து படுப்பார். தலைமாட்டில இரும்புச் சட்டியை உருட்டினாலும் எழும்ப மாட்டார். தனியே படுக்காதே எண்டு எழுதினீங்களே, இவர் பக்கத்தில இருக்கிறதும் ஒண்டுதான், இல்லாததும் ஒண்டுதான்.

நல்ல மனுஷன், ராத்தா. நான் இவரிட்ட மட்டும் சொல்லட்டா? வயித்துக்குள்ள கல்லு வெச்சுக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கு.

குப்புறப் படுத்தா என்ன வரும்? சின்ன வயசிலயும் நான் தூங்கினாப் பிறகு வந்து என்னைத் திருப்பிப் போடுவீங்க. நான் முழிச்சுக்கொண்டு தூங்கிற மாதிரி நடிப்பேன், அது உங்களுக்குத் தெரியாது.

தங்கச்சி ஹபீலா

*

பதுளை
1938 செப்டம்பர் 3

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். நாங்கள் சுகம். வாந்தி நின்றுவிட்டது. இங்கே மழை, துணி காய மூன்று நாள் எடுக்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல்லாதே. நல்ல மனுஷன் என்பது கல்யாணமாகி ஒரு மாதத்தில் தெரிகிற விஷயமில்லை. ஒரு பிள்ளை கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம். மாமிக்குத் தெரிந்தால் அடுத்த டிராமிலேயே உன்னை அனுப்பிவிடுவா. அனுப்பினால் எங்கே போவாய்? வெள்ளவத்தை வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று.

இத்துடன் தொண்ணூறு குளிசை அனுப்புகிறேன். மச்சான் ஸலாம் சொன்னார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியின் பெண்சாதியே மருந்து கடத்துகிறாள் என்று பகிடி பண்ணுகிறார்.

மாமி சமைக்கிற மீன் ஆணத்தின் பக்குவத்தைக் கேட்டு எழுது.

ராத்தா ஜவாஹிறா

*

கொட்டாஞ்சேனை
1938 செப்டம்பர் 28

ராத்தாவுக்கு ஸலாம். நான் இப்ப சுகம். இந்த 'இப்ப' எதுக்கு எண்டு சொல்றேன், பதறாதீங்க.

போன செவ்வாய்க்கிழமை கிணத்தடியில உடுப்புத் தோய்க்கும்போது வந்திட்டுது. நல்ல வேளை ஒருத்தரும் இல்ல. கண் முழிக்கும்போது நான் ஈரத்தில கிடக்கிறேன், வாளி உருண்டு கிடக்குது, நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். பாசியில வழுக்கிட்டேன் எண்டு சொன்னேன். மாமி என்னை மேலயும் கீழயும் பார்த்தா. ஏசுவா எண்டு நினைச்சேன், ஏசல்ல. மூணு நாள் எனக்கு மட்டும் சவ்வரிசிக் கஞ்சி ஆறவெச்சுத் தந்தா. எனக்கு வாய் புண் எண்டு நான் சொல்லவே இல்ல.

அந்த மூணு நாளும் படுத்துக்கிடந்து நம்ம கூடப்பிறந்த அலவி நானாவைத்தான் நினைச்சேன். அவருக்கும் இதே வலிப்பு வருத்தம்தானே. எனக்கு அப்ப பதிமூணு வயசு. தெமட்டகொடை சாச்சி வீட்டிலிருந்து என்னைக் கூட்டிவரும்போது நானாவை அடக்கியும் முடிஞ்சிட்டுது. காய்ச்சல் எண்டு சொன்னீங்க. நான் போகும்போது அவருக்குக் காய்ச்சல் இருக்கல்லையே. வாசல்ல நிண்டு எனக்கு முகத்தைக் கோணிக் காட்டினார்.

ஒண்டு கேக்கிறேன், நேரா பதில் எழுதுங்க. இது ஆளைக் கொல்லுற வருத்தமா?

மீன் ஆணத்துக்கு மாமி கொறுக்காய்ப் புளியை வறுத்து இடிச்சுப் போடுறா.

ஹபீலா

*

பதுளை
1938 அக்டோபர் 17

அன்புத் தங்கச்சிக்கு ஸலாம். நாங்கள் சுகம். பதில் பிந்திவிட்டது, கோபிக்காதே. கால் வீக்கமாக இருந்தது.

என்ன கேள்வி இது? வலிப்பால் யாரும் சாவதில்லை. விழுந்து அடிபடாமல் இருந்தால் போதும். அலவிக்கு வந்தது காய்ச்சல், கடுமையான காய்ச்சல். அதை ஏன் இப்போது கிளறுகிறாய்? போனவருக்கு யாஸீன் ஓது, அது போதும்.

நோன்பு வருகிறது. வருத்தக்காரருக்கு நோன்பு கடமையில்லை, நீ பிடிக்கத் தேவையில்லை என்று மச்சான் சொல்கிறார். மார்க்கத்திலும் அப்படித்தான். ஆனால் புது மருமகள் முப்பது நாளும் நோன்பு பிடிக்காமல் இருந்தால் மாமி ஏன் என்று கேட்க மாட்டாவா? அதனால் நீ பிடி. விடியமுன் ஸஹர் சாப்பாட்டோடு ஒரு குளிசை, நோன்பு துறந்தபிறகு ஒரு குளிசை போடு. பகல் குளிசையை இந்த ஒரு மாதம் விட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறேன். இதை மச்சானுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காதே.

ராத்தா ஜவாஹிறா

*

கொட்டாஞ்சேனை
1938 நவம்பர் 8

ராத்தாவுக்கு நோன்பு ஸலாம். இண்டைக்குப் பதினாலு. நான் ஒண்டும் விடல்ல, பதினாலும் பிடிச்சிட்டேன். உங்க வயித்துப் பிள்ளை நல்லா உதைக்குதா?

இங்க மூணு மணிக்கு எழும்பிப் பத்துப் பேருக்கு ஸஹர் சோறு ஆக்கிறோம். நான்தான் முதல்ல எழும்புறது. ஹபீலா சுறுசுறுப்பான பிள்ளை எண்டு மஹ்ரூபோட தங்கச்சிமார் சொல்றாங்க. மாமி மட்டும், போய்ப் படு, போய்ப் படு எண்டு விரட்டுறா. ஆனா ராத்தா, விடியக்காலையில கை தானாத் துள்ளுது. நேத்து ஒரு நல்ல பீங்கான் கோப்பை போச்சு. தூக்கம் காணாது போல.

மஹ்ரூபோட சின்னத் தங்கச்சி ஸமீமா கற்கண்டு எடுக்க டப்பிக்குள்ள கை விட்டிட்டா. தலைக்குத்துக் குளிசை எண்டேன். இத்தனையா எண்டு கேட்டா. நான் டப்பியைப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிட்டேன். பெருநாள் முடியுமட்டும் குளிசை வேணாம் எண்டு முடிவு பண்ணியிருக்கேன். நீங்களே பகல் குளிசையை விடலாம் எண்டீங்க. ஒண்டை விடலாம் எண்டா மூணையும் விட்டா என்ன? நோன்பு பிடிச்ச உடம்புக்கு அல்லாஹ் காவல். இந்த நோன்போட இந்த வருத்தமே போயிடும் எண்டு மனசு சொல்லுது.

மஹ்ரூப் கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசல்லயே தங்கப் போறார். திங்கட்கிழமையிலிருந்து நான் பின்பக்கத்து அறையில தனியாத்தான். அதுவும் நல்லதுக்குத்தான். கதவை நல்லாச் சாத்திட்டுப் படுத்தா, ராவில ஏதாவது வந்தாலும் ஒருத்தருக்கும் சத்தம் கேக்காது. பயப்படாதீங்க, ரகசியம் பத்திரம்.

ஹபீலா

*

பதுளை
1938 நவம்பர் 10

ஹபீலாவுக்கு ஸலாம்.

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே தந்தி அடித்தேன். தந்தி வந்தால் வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள், உன் வருத்தம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று தெரிந்தேதான் அடித்தேன். கடிதம் வர இரண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் என்னால் பொறுக்க ஏலாது.

அலவி காய்ச்சலில் மௌத்தாகவில்லை.

அன்றைக்கும் நோன்பு மாதம்தான். உன் மச்சானின் உம்மாவும் பெரியும்மாவும் என்னைப் பெண் பார்க்கப் பதுளையிலிருந்து வந்து, நம் வெள்ளவத்தை வீட்டில் இரண்டு நாள் தங்கினார்கள். வீட்டில் இடம் காணாது என்றுதான் உன்னைச் சாச்சி வீட்டுக்கு அனுப்பினோம். அலவி நோன்பு பிடிப்பதற்காகக் குளிசையை விட்டிருந்தான். நோன்போடு வருத்தம் போய்விடும் என்று சொன்னான். நீ எழுதினாயே, அதே சொல்.

ஸஹர் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் திரும்பப் படுத்தோம். கொஞ்ச நேரத்தில் அவனுடைய கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். எழும்பிப்போய் வாசலில் நின்று பார்த்தேன். வலிப்புத்தான். எத்தனை தரம் பார்த்திருக்கிறோம், இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிடும். அடுத்த அறையில் வந்தவர்கள் படுத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தால் என் கல்யாணம் நின்றுவிடும். ஹபீலா, நான் கதவைச் சாத்தினேன். சத்தம் வராமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.

விடிந்தபிறகு உம்மா போய்த் திறந்தா. அவன் குப்புறக் கிடந்தான். முகம் தலையணையில் புதைந்திருந்தது.

டொக்டர் வந்து பார்த்தார். இந்த வருத்தம் உள்ளவர்களில் சிலர் இப்படித் திடீரென்று தூக்கத்திலேயே போய்விடுவதுண்டு, ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்று சொன்னார். மருந்தை விட்டால், தூக்கம் கெட்டால், பக்கத்தில் ஆளில்லாமல் படுத்தால் ஆபத்து கூடும் என்றும் சொன்னார். இந்த மூன்றையும் நான் ஆறு வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிறேன். வைத்துக்கொண்டே பகல் குளிசையை விடு என்று உனக்கு எழுதினேன். மாமி கேட்பாவே என்ற பயத்தில் எழுதினேன்.

உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். உனக்குச் சொன்னால் கதவையும் சொல்ல வேண்டிவரும்.

இன்று காலை முதலில் மச்சானிடம் சொன்னேன். அவருடைய உம்மா அடுத்த அறையில் இருந்ததையும் சொன்னேன். அவர் எழும்பித் தந்தியைத் தானே எழுதித் தந்தார். அவர் உனக்குச் சொல்லச் சொன்னது இவ்வளவும். இன்றிலிருந்தே மூன்று குளிசையும் போடு. நோன்பை விடு. நன்றாகத் தூங்கு. காதுக்கெட்டிய தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் வாயில் ஒன்றும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பும் வேண்டாம். அடங்கியதும் ஒருபக்கமாகச் சாய்த்து, முகத்தில் தலையணை படாமல் பார்த்து, பேர் சொல்லித் தட்டி, மூச்சு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். மூச்சுச் சீராகும்வரை விட்டுப் போகக் கூடாது. இவ்வளவு செய்தால் ஆபத்தே இல்லை என்று சொல்ல ஏலாதாம். ஆனால் குறையுமாம்.

மாமியிடமும் மாப்பிள்ளையிடமும் இன்றைக்கே சொல்லு. அனுப்பினால் வா. என் வீடு இருக்கிறது.

ஜவாஹிறா

*

பதுளை
1938 நவம்பர் 21

ஹபீலாவுக்கு ஸலாம். பதினொரு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மச்சானை மலேரியா வேலைக்குப் பிபிலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். எனக்கு இது ஒன்பதாம் மாதம், ரயிலில் ஏற ஒருவரும் விடுகிறார்களில்லை. தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதே எழும்பி நிற்கிறேன். ஏசி எழுதினாலும் பரவாயில்லை. ஒரு வரி எழுது.

ஜவாஹிறா

*

கொட்டாஞ்சேனை
1938 நவம்பர் 26

மகள் ஜவாஹிறாவுக்கு ருக்கியா மாமி பெருநாள் ஸலாம். எழுத்தைக் கண்டதும் உங்களுக்கு விளங்கியிருக்கும், எழுதுறது உங்க தங்கச்சிதான். சொல்றது நான். அவ உங்களோட கோபம். தன்ட பேச்சா ஒரு சொல்லும் எழுத மாட்டாவாம். நான் சொல்றதை எழுது, கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம் எண்டு பேசி இருத்தியிருக்கேன். முதல்ல நீங்க மூச்சு விடுங்க. அவ இருக்கா, என்ட முன்னால இருக்கா.

தந்தி எண்டா எங்களுக்கு மௌத்துச் செய்திதான். பெண்டுகள் வாசிக்க முந்தியே அழத் தொடங்கிட்டாங்க. இங்கிலீசு தெரிஞ்ச அடுத்த வீட்டு றஞ்சிதம் டீச்சரைக் கூப்பிட்டேன். 'ஹபீலா மருந்தை நிறுத்த வேண்டாம், தனியே படுக்க வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம்' எண்டு டீச்சர் வாசிச்சா. என்ன மருந்து, என்ன மருந்து எண்டு ஸமீமாவும் மத்த மகளும் கேட்டாங்க. நான் கேக்கல்ல.

எனக்குத் தெரியும் மகள். கிணத்தடியில விழுந்த அண்டைக்கே தெரியும். என்ட கூடப்பிறந்த தம்பிக்கும் இதுதான். வருத்தம் வந்து போனா அவருக்கு நான்தான் சவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுவேன். ரெண்டு மாசமாப் பார்த்துக்கொண்டு இருந்தேன், இண்டைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவா எண்டு. நீங்க எல்லாரும் என்ட வீட்டை நம்பல்லையே எண்டு எனக்குச் சுட்டது. அதனால நானும் தெரியாத மாதிரி இருந்தேன். நோன்பு பிடிக்க விட்டேன். போய்ப் படு எண்டு விரட்டினேனே தவிர, ஏன் எண்டு சொல்லல்ல. என்ட தம்பி வலிப்பு வந்து போனா எழும்பித் தேத்தண்ணி கேப்பார். இப்பவும் பேரப்பிள்ளைகளோட இருக்கார். இதில ஆள் போகும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல.

ரெண்டு நாள் கழிச்சு உங்க கடிதம் வந்திச்சு. தனியா இருந்து வாசிச்சா. பிறகு என்ட முன்னால வந்து, "மாமி, இதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்" எண்டா. முழுக்க வாசிச்சா. கதவு வந்த இடத்தை ரெண்டு தரம் வாசிச்சா. நான் தச்சுவேலை செய்யிற சிங்களப் பாஸைக் கூப்பிட்டு, பின்னறைக் கதவைக் கழட்டச் சொன்னேன். நல்ல கதவு, ஏன் கழட்டுறீங்க எண்டு கேட்டார். எனக்கும் மருமகளுக்கும் நடுவில இது வேணாம் எண்டு சிங்களத்தில சொன்னேன். அவருக்கு என்ன விளங்கிச்சோ. மஹ்ரூப் பள்ளிக்குப் போன ராவிலிருந்து வாசல்ல பாய் போட்டு நான் படுத்தேன்.

இருபத்திரண்டாம் நோன்பு. விடியக்காலைச் சுபஹு பாங்கு சொல்லி முடியிற நேரம் கட்டில் சத்தம் கேட்டது. குளிசை திரும்பத் தொடங்கியும் வந்திட்டுது. நான் எழும்பிப் போறதுக்குள்ள வலிப்பு அடங்கிட்டுது. முகம் தலையணைக்குள்ள இருந்திச்சு. திருப்பினேன். மூச்சு இல்ல மகள். உதடு நாவல்பழ நிறத்தில இருந்திச்சு. உங்க மாப்பிள்ளை ஸாலிஹ் சொன்னபடி ஒருபக்கமாச் சாய்ச்சேன், தலையணையை வீசினேன், வாயில ஒண்டும் வைக்கல்ல. சாவிக்கொத்தைக் கையில வெச்சேன், அதை வேணாம் எண்டிருந்தார், பழக்கம் விடுதில்ல. கன்னத்தில தட்டித் தட்டிப் பேரைச் சொல்லிக் கத்தினேன். என்ட குரலை ஊரெல்லாம் பழிக்கும். அண்டைக்கு அடுத்த வீட்டு டீச்சர் ஓடிவந்திட்டா. எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது, பெருசா ஒரு மூச்சு இழுத்தா. பிறகு இன்னொண்டு.

இந்த இடத்தில எழுத்து கலங்கியிருக்கும். அழுறா. அழுறதையும் எழுது எண்டேன், எழுதுறா.

மஹ்ரூப் பள்ளியிலிருந்து ஓடிவந்தான். என்ட பக்கத்திலதானே படுத்தா, எனக்கு ஏன் சொல்லல்ல எண்டு, தந்தி வந்த அண்டைக்குக் கேட்டதையே திரும்பக் கேட்டுப் பிள்ளை மாதிரி அழுதான். இப்ப குளிசை நேரத்துக்குக் கடையிலிருந்து ஆள் அனுப்பி விசாரிக்கிறான். அனுப்பினா வா எண்டு எழுதியிருந்தீங்க. எங்க அனுப்புறது? இதுதான் அவட வீடு.

அவட கோபம் சரியான கோபம். ஒரு சொல் முந்தியே சொல்லியிருந்தா நான் ஒரு குளிசையும் விட்டிருக்க மாட்டேன் எண்டு சொல்றா. அதை நான் ஆத்த வரல்ல. அதுவா ஆறணும். நீங்க உடம்பைப் பாருங்க, நல்லபடியாப் பெத்தெடுங்க.

ருக்கியா மாமி

மாமி தண்ணி குடிக்கப் போயிட்டா. இது என்ட பேச்சு. ராத்தா, கால் வீக்கம் குறைஞ்சதா?

*

பதுளை
1938 டிசம்பர் 15

ஹபீலாவுக்கு ஸலாம். நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கால் வீக்கம் குறைந்துவிட்டது. ஒன்பதாம் திகதி பெண்பிள்ளை கிடைத்தது, இரண்டு பேரும் சுகம். பேர் பலீலா. தூங்கும்போது நான் எழும்பி எழும்பி மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மச்சான் ஏசுகிறார்.

மாமியின் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். மாமிக்கு என் ஸலாம் சொல்லு.

ஜவாஹிறா

*

கொட்டாஞ்சேனை
1939 ஜனவரி 14

ராத்தாவுக்கும் மச்சானுக்கும் ஸலாம். என்ட பெறாமகள் பலீலாவுக்கு நூறு முத்தம். இங்க எல்லாரும் சுகம், நானும் சுகம். நவம்பருக்குப் பிறகு ஒண்டும் வரல்ல. வராது எண்டு சொல்ல மாட்டேன், இனிமே இல்லாததைச் சொல்றதில்ல எண்டு வெச்சிருக்கேன்.

மாமி ஊர் முழுக்கச் சொல்லிட்டா. வீட்டுக்கு வார பெண்டுகளிட்ட எல்லாம், எங்க மருமகளுக்கு வலிப்பு வருத்தம், வந்தா இப்படித் திருப்பணும் எண்டு ஸமீமாவைப் பாயில கிடத்திக் காட்டுறா. ஸமீமாவுக்கு இப்ப வாயைக் கோணி நடிக்கவும் தெரியும். முதல் நாள் எனக்கு நிலத்துக்குள்ள போயிடலாம் போல இருந்திச்சு. நாலாம் நாள் நானும் சிரிச்சேன். போன கிழமை பக்கத்துத் தெருவில இருந்து ஒரு உம்மா வந்து, தன்ட மகனுக்கும் உண்டு, யாருக்கும் சொல்லாதீங்க எண்டு மெதுவாக் கேட்டா. சொல்லணும் எண்டு மாமி பெருசாச் சொன்னா. மீன்காரனுக்கும் கேட்டிருக்கும்.

மஹ்ரூபைக் கூட்டிக்கொண்டு நம்ம வெள்ளவத்தை வீட்டுக்குப் போனேன். குடியிருக்கிற தில்லைநாதன் மாஸ்டர் உள்ள வரச் சொன்னார். அலவி நானாட அறையில இப்ப அவர்ட மகள் பரீட்சைக்குப் படிக்கிறா. நான் கொஞ்ச நேரம் கட்டில்ல இருந்தேன். அதே கடல் சத்தம். நீங்க வாசல்ல நிண்டதை நினைச்சுப் பார்த்தேன். இருபத்தொரு வயசு உங்களுக்கு. இப்ப எனக்குப் பத்தொன்பது. அண்டைக்கு உங்க இடத்தில நான் நிண்டிருந்தா என்ன செய்திருப்பேன் எண்டு யோசிச்சேன். நானும் சாத்தியிருப்பேன், ராத்தா. இந்த வீட்டுக்கு வந்து அதைத்தானே செய்யப் பார்த்தேன்.

மச்சானுக்குத் தனியா ஒரு கடிதம் எழுதினேன். கதவு திறந்திருந்தா நானா இருந்திருப்பாரா எண்டு கேட்டேன். பக்கத்தில ஆள் இருந்தா சிலர் தப்புறாங்க, சிலர் டொக்டர் பக்கத்தில இருந்தும் போயிடுறாங்க, அலவி எதில எண்டு உலகத்தில ஒருத்தராலயும் சொல்ல ஏலாது எண்டு எழுதினார். உன்ட ராத்தா இதை என்னிட்ட ஒருநாளும் கேட்டதில்ல, பதிலுக்குப் பயம் எண்டும் எழுதினார். நீங்க கேக்கல்ல. அதனால நான் கேட்டுச் சொல்றேன். இவ்வளவுதான் பதில்.

கோபம் முழுக்கப் போகல்ல. தேத்தண்ணியில போட்ட சீனி மாதிரி அடியில கிடக்குது. கலக்கிவிட ஆள் வேணும், தூரத்தில இருந்து கடிதத்தில கலக்க ஏலாது எண்டு மாமி சொல்றா.

கதவைத் திரும்ப மாட்டித் தாங்க எண்டு மஹ்ரூப் கேட்டார், அவருக்கு வெக்கம். மாமி விடல்ல, தடிச்ச திரையாப் பார்த்து ஒண்டு தைச்சுத் தொங்கவிட்டிட்டா. கதவு இப்ப கிணத்தடியில ரெண்டு கல்லுக்கு மேல கிடக்குது. அதில ஊறுகாய்க்குத் தேசிக்காய் காயுது.

நாப்பது நாள் முடிஞ்சதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்க. ரயில் கோட்டை ஸ்டேசனுக்கு வந்து சேர எந்த நேரம் ஆனாலும் பரவாயில்ல. நேரா என்ட அறைக்கு வாங்க, தட்டத் தேவையில்ல.

உங்க தங்கச்சி
ஹபீலா